கடற்பஞ்சும் அப்பாவின் கொள்கையும்

ஒரு மனிதர் என் வாதத்தைத் திருடி, அதை என் அம்மாவுக்கு எதிராகவே பயன்படுத்தினால் எனக்குக் கோபம் வருமா, வராதா? நீங்களே சொல்லுங்கள். அந்த மனிதர் என் அப்பா லாசரஸ் என்பதற்காகக் கோபம் குறைய வேண்டும் என்று சட்டம் ஏதும் இல்லை.

அப்பா ரிட்டையர் ஆகிவிட்டார். அம்மா ரத்தினபாய் இன்னும் தாம்பரத்தில் கணக்கு டீச்சர். மாலையில் ஒவ்வொரு சிக்னலிலும் நின்று நின்று ராஜகீழ்ப்பாக்கம் வந்து சேர்கிறவர். அதனால் ராத்திரிப் பாத்திரம் இனி அப்பாவுடையது என்று வீட்டில் முடிவாயிற்று. அப்பா மறுக்கவில்லை. மறுத்தால் தோற்றுவிடுவார் என்று அவருக்கே தெரியும். அதனால் கொள்கை பேசினார்.

"பிளாஸ்டிக் ஸ்பாஞ்சை நான் தொட மாட்டேன். தேய்க்கத் தேய்க்கத் தூளாகி, சாக்கடை வழியா கடலுக்குப் போய், மீன் வயித்துல ஏறி, நம்ம தட்டுக்கே திரும்பி வருது. கெசியாவைக் கேளு. இயற்கையான கடற்பஞ்சு கொண்டு வாங்க, தேய்க்கிறேன்."

கெசியா நான்தான். எம்.எஸ்சி. விலங்கியல். அவர் பேசியதில் ஒரு வார்த்தைகூட அவருடையது இல்லை. முந்தின வாரம் அதே சாப்பாட்டு மேஜையில் நான் தொண்டை வறளப் பேசியபோது அவர் தூங்குகிறார் என்று நினைத்தேன். தூங்கவில்லை. அதோடு, தாம்பரம் மார்க்கெட்டில் கடற்பஞ்சு கிடைக்காது என்பதையும் விசாரித்து வைத்திருக்கிறார்.

அம்மா "சரிங்க" என்றார். இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியும் அந்தச் "சரிங்க"வுக்குப் பயப்பட அப்பா கற்றுக்கொள்ளவில்லை.

அம்மாவின் அண்ணன் மகன் ஃபிரெடிக்குக் கப்பலில் வேலை. அடுத்த லீவில் வந்தவன் கிரீஸில் வாங்கிய ஒரு கடற்பஞ்சை மேஜைமேல் வைத்தான். காய்ந்துபோன பன் மாதிரி இருந்தது. தண்ணீரில் போட்டதும் ஊறி, உப்பி, குழந்தைக் கன்னமாக மெத்தென்று ஆகிவிட்டது. அப்பாவின் முகம்தான் காய்ந்த பன் ஆனது.

அன்று ராத்திரி ஒரு டம்ளரும் ஒரு ஸ்பூனும் தேய்த்தார். மறுநாள் அவருக்கு ஜீவகாருண்யம் பிறந்துவிட்டது. இது ஒரு உயிராமே, பாவம் இல்லையா என்றார்.

விலங்கியல் படிக்கிறவளிடம் கேட்கிற கேள்வியா இது? பொறுமையாகவே விளக்கினேன். ஆமாம், விலங்குதான். கடலில் முக்குளிக்கிறவர்கள் அடிப்பாகத்தைப் பாறையிலேயே விட்டுவிட்டு மேலே மட்டும் அறுத்தால், மிச்சம் மறுபடி வளரும். அறுத்ததை ஈரச்சாக்குப் போட்டு மூடி வைப்பார்கள். சதை அழுகியதும் மிதித்து, பிழிந்து, அலசினால் எலும்புக்கூடு மட்டும் மிஞ்சும். அதைத்தான் பஞ்சு என்று விற்கிறார்கள்.

"எலும்புக்கூட்டை வெச்சு நான் சாம்பார் குண்டான் தேய்க்கணுமா?"

"வஞ்சிரம் வறுவல் சாப்பிடும்போது இந்த இரக்கம் எங்கேப்பா போகுது?"

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்தால் பஞ்சைக் காணோம்.

அன்று எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை. விளைந்தது, வளர்த்தது, வாங்கியது என்று ஆளாளுக்கு எதையாவது காணிக்கையாகக் கொண்டுவந்து வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் அவற்றை ஏலம் விடுவார்கள். வாழைத்தாருக்கும் நாட்டுக்கோழிக்கும் நடுவில், ஒரு பூசணிக்காய்மேல், எங்கள் கடற்பஞ்சு உட்கார்ந்திருந்தது. ஆண்டவருக்குக் கொடுத்ததை அம்மா திருப்பிக் கேட்க முடியுமா? அப்பா அன்று எல்லாப் பாட்டையும் உரக்கப் பாடினார்.

ஏலம் விட்ட காலேப் மாமாவுக்கு அது என்ன பொருள் என்றே புரியவில்லை. தூக்கிக் காட்டினார். யாரும் கேட்கவில்லை. ஏலம் போகாததைக் கொடுத்தவரே வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டும் என்பது எங்கள் சபை வழக்கம். அப்பா பதறி எழுந்து மைக்கை வாங்கினார்.

"இது கடற்பஞ்சு. பாத்திரத்துல கீறல் விழாது, கை வலிக்காது. எங்க வீட்டுல தினமும் ராத்திரி இதை வெச்சு நான்தான் தேய்க்கிறேன். ஆம்பளைங்க தேய்க்கணும். அதுவும் ஒரு ஊழியம்தான்."

சபையே கைதட்டியது. பெண்கள் அவரவர் கணவரைத் திரும்பிப் பார்த்தார்கள். கல்யாணமான நாளிலிருந்து தேய்க்கிற அம்மாவுக்கு யாராவது ஒரு தடவை கைதட்டியிருப்பார்களா? ஒரு டம்ளர், ஒரு ஸ்பூன், அதற்கு இவ்வளவு ஆரவாரம். உண்மையைச் சொல்லிவிட எழுந்தேன். அம்மா என் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டுத் தான் எழுந்தார். அவர் பெண்கள் சங்கத்தின் செயலாளர்.

"சங்கத்துக்கே எடுத்துக்கிறோம். சபைச் சமையல்கட்டுல இருக்கட்டும். ஆனா எங்களுக்கெல்லாம் இது பழக்கமில்ல. பழகினவர் அவர்தான். இன்னிக்கு அசனப் பாத்திரத்தை அவரே தேய்ச்சுக் காட்டட்டுமே."

அசனம் என்றால் சபை மொத்தமும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து. பாத்திரங்கள் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். இந்தத் தடவை கைதட்டல் இன்னும் பலமாக இருந்தது. போதகர் அந்த ஊழியத்துக்காக அப்போதே ஜெபமும் செய்துவிட்டார்.

பந்தி முடிந்து பின்பக்கம் போனேன். இடுப்புக்கு மேல் அப்பா கறிக்குழம்பு அண்டாவுக்குள் இருந்தார். அம்மா பக்கத்தில் நாற்காலி போட்டு நிதானமாகக் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"பரவாயில்ல ரத்தினம்," என்று அண்டாவுக்குள்ளிருந்து குரல் வந்தது. "பஞ்சு சபைக்குப் போயிடுச்சு. இனிமே வீட்டுல நான் எதை வெச்சுத் தேய்க்கிறது? கொள்கைன்னு ஒண்ணு இருக்குல்ல."

"இருக்குங்க," என்றார் அம்மா. "அதனாலதான் பீர்க்கங்காய் நார் வாங்கி வெச்சிருக்கேன். பிளாஸ்டிக்கும் இல்ல, பிராணியும் இல்ல."