பெட்டியை மட்டும் மாற்றாதவர்

எதிர் வீட்டுக்காரர் பீரோவை அறுக்கிறார் என்றுதான் முதலில் செய்தி வந்தது. லிஃப்டில் ஏறிய யாரோ தபால்காரரிடம் சொல்லி, தபால்காரர் என் மனைவியிடம் சொல்லி, என் காதுக்கு வருவதற்குள் பீரோவுக்குள் ஆள் மாட்டிக்கொண்டிருக்கிறார் என்ற அளவுக்கு அது வளர்ந்திருந்தது. பதறிப் போய்ப் பார்த்தேன். பீரோ இல்லை. கம்ப்யூட்டர்.

வாசகரே, இந்த இனத்தை உங்களுக்கு அறிமுகப்படுத்தியே ஆக வேண்டும். பெட்டிக்காரர் என்று வைத்துக்கொள்வோம். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் போர்டை மாற்றுவார், டிஸ்கை மாற்றுவார், காற்றாடியை மாற்றுவார். ஆனால் இத்தனையையும் சுமக்கும் அந்தப் பழைய தகரப் பெட்டியை மாற்றச் சொன்னால் மட்டும், பெற்ற பிள்ளையைத் தத்துக் கொடுக்கச் சொன்னதுபோல் முகம் சிவந்துவிடும். ஏன்? அது கல்யாணத்துக்கு முன்பே வீட்டுக்கு வந்த பெட்டி.

"இரும்புன்னா இது சார் இரும்பு. இப்ப வர்றதெல்லாம் பிஸ்கட் டப்பா" என்று தட்டிக் காட்டினார்.

"என்னைவிட அது சீனியர், அண்ணா" என்றார் அவர் மனைவி.

அந்த அம்மா மொழிபெயர்ப்பாளர். ஒரு மருந்துக் கம்பெனிக்காக மூன்று வாரம் முதுகு ஒடிய மொழிபெயர்த்த எண்பது பக்கம் அந்தக் கம்ப்யூட்டருக்குள் இருந்தது. நான்கு மணிக்குள் அனுப்ப வேண்டும். தவறினால் கம்பெனி அடுத்த முறை வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும். முந்தின நாள் மாலை, கரண்டை வாங்கி உள்ளே பங்கிட்டுக் கொடுக்கும் பவர் சப்ளை புகைந்து அடங்கியது. காலையில் புதியது வந்து இறங்கியது. பெட்டிக்காரர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். இந்த இனத்தின் மூல மந்திரத்தை உச்சரித்தார்.

"பத்தே நிமிஷம்."

அப்போது மணி பத்து. நான் போய் நின்றபோது பன்னிரண்டு. நின்ற பாவத்துக்கு டார்ச் என் கைக்கு வந்தது.

புதிய சப்ளை இரண்டு விரற்கடை நீளம் கூடுதல், முன்னாலிருந்த சி.டி. டிரைவில் போய் இடித்தது. டிரைவைக் கழற்றிவிட்டால் என்ன? "எப்பவாவது தேவைப்படும் சார்." எட்டு வருஷமாகத் தேவைப்படாத அந்த டிரைவுக்கு ஒரு தட்டு கீழே புது இடம் ஒதுக்கவே ஒரு மணி நேரம் போனது. அடுத்து, பெட்டியின் முதுகில் இருந்த ஓட்டை புதியதன் உருவத்துக்குப் பொருந்தவில்லை. உள்ளே இருப்பதற்கெல்லாம் துண்டு போர்த்தி, நெற்றியில் வேர்வையும் தரையில் இரும்புத் தூளுமாக அரத்தால் ராவ ஆரம்பித்தார். காலையிலேயே இதே அரத்தைக் கொஞ்சம் ஓட்டி ஒத்திகை பார்த்திருக்கிறார்; பீரோ வதந்தி பிறந்தது அந்தச் சத்தத்தில்தான்.

"ஏங்க, அதை வெளியில வச்சே ஒயரை மட்டும் சொருகினா ஓடாதா?"

அரம் நின்றது. "வெளியிலயா? குடலைத் தொங்கவிட்டுட்டு எவனாவது நடப்பானா?"

"நடக்கச் சொல்லலங்க. நாலு மணி வரைக்கும் ஓடினா போதும்."

"ஒரு வேலைன்னா முழுசா பண்ணணும்."

கேட்டீர்களா? எண்பது பக்கம் அவருக்கு வேலை இல்லை. பெட்டிக்கு மூடி போடுவதுதான் வேலை.

சப்ளையைத் தலைகீழாகத் திருப்பினால் திருகாணித் துளைகள் பொருந்தும் என்று மூன்று மணிக்குக் கண்டுபிடித்தார். நான்கையும் முறுக்கினார். பெட்டியை ஒருமுறை தட்டினார். கரண்ட் ஒயரை வாங்கிப் பின்பக்கம் கையை விட்டுத் துழாவினார். மறுபடி துழாவினார். ஒயரைச் சொருக வேண்டிய வாய், தலைகீழானதில், பெட்டித் தகரத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டிருந்தது.

 பெட்டிக்காரர் அரத்தை எடுத்துக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"இந்த அரம் மழுங்கிடுச்சு. புதுசு வாங்கிட்டு வந்துடறேன். பத்தே நிமிஷம். யாரும் தொடாதீங்க!"

படியில் செருப்புச் சத்தம் தேய்ந்தது.

"அண்ணா, டார்ச்சை இப்படிப் பிடிங்க."

நான்கு திருகாணியும் கழன்றன. சப்ளை வெளியே வந்து பெட்டியின் தலையிலேயே ஏறி உட்கார்ந்தது. "தப்பான எடமா இருந்தா ஏறாது, ஏறினா சரியான எடம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அந்த அம்மா ஒயர்களை ஒவ்வொன்றாகச் சொருகினார். கம்ப்யூட்டர் குடலைத் தொங்கவிட்டுக்கொண்டே கண் விழித்தது. நான்கடிக்க எட்டு நிமிடம் இருக்கும்போது எண்பது பக்கமும் போய்ச் சேர்ந்தன. 'கிடைத்தது, நன்றி' என்று பதிலும் வந்தது.

அந்த அம்மா நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார். மேஜையில் போன் அடித்தது. திரையில் பெட்டிக்காரர் படம்; படத்திலும் ஒரு கை பெட்டிமேல்.

"எடுக்கலையாம்மா?"

"பத்தே நிமிஷம், அண்ணா."

சிரிப்பதற்கு முன் ஒன்று, வாசகரே. நீங்கள் கூப்பிடும்போதும் வீட்டில் மணி அடித்துக்கொண்டே இருக்கிறதா? யாரும் எடுப்பதில்லையா? அப்படியானால், போன் இல்லாத இன்னொரு கை எந்தப் பெட்டிமேல் இருக்கிறது என்று ஒருமுறை குனிந்து பாருங்கள்.