நெஃபாசித் ஏற்றத்தில் மூன்று சுற்று

ஐம்பத்திரண்டாவது வயதில் ஸெராய் ஒரு முடிவெடுத்தார். அடுத்த மாதம் நடக்கும் மூத்தோர் சைக்கிள் பந்தயத்தில் கலந்துகொள்வது. கடைசியாக வராமல் இருப்பது. இதில் இரண்டாவது பாதிதான் கஷ்டம் என்று அவருக்கே தெரியும்.

மலைமேல் இருக்கும் அஸ்மாரா நகரத்தில் சைக்கிள் ஓட்டாத ஆணைத்தான் ஜனங்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஸெராயும் ஒரு காலத்தில் ஐந்து சிநேகிதர்களோடு ஓட்டியவர். அதில் இரண்டு பேர் கனடா போனார்கள். ஒருவர் ஸ்வீடன் போனார். ஒருவருக்கு முழங்கால் போயிற்று. மிச்சமிருந்தவர் ஒரேயடியாகப் போய்விட்டார். ஒரே மகளும் கல்யாணமாகி மஸாவா துறைமுகத்துக்குப் போன பிறகு, வீட்டில் ஸெராயும் அவர் மனைவி அப்ரெஹெத்தும் சைக்கிளும்தான். மூவரில் அதிகம் சத்தம் போடுவது சைக்கிள்தான்.

பந்தயச் செய்தியைச் சொன்னபோது மனைவி தடுப்பாள் என்று ஸெராய் எதிர்பார்த்தார். இரத்த அழுத்தம், பழைய தோள் எலும்பு முறிவு என்று அவள் ஆரம்பித்தால் சொல்ல வேண்டிய பதில்களை எல்லாம் தன் கண்ணாடிக்கடையில் மூக்குக்கண்ணாடி துடைத்துக்கொண்டே தயார் செய்து வைத்திருந்தார். அவளோ பருப்பு பொறுக்குவதை நிறுத்தாமல் "சரி" என்றாள். முப்பது வருஷத்துத் தாம்பத்தியத்தில் அந்த ஒரு சொல்லைப் போல அவரைச் சோர்வடையச் செய்தது வேறெதுவும் இல்லை.

அடுத்த நாள் மூன்று மணிக்குக் கடையிலிருந்து வந்து சைக்கிளை எடுத்தார். பின் சக்கரத்தில் காற்று இல்லை. வராந்தாவில் உட்கார்ந்து டியூபைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் முக்கினார். ஒரு குமிழிகூட வரவில்லை. எல்லாவற்றையும் திருப்பி மாட்டிக் காற்றடித்து நிமிர்வதற்குள் மூடுபனி மலையேறி வந்து சாலையை மூடிவிட்டது. இனி ஓட்ட முடியாது. அதற்குள் அப்ரெஹெத் காப்பிக்கொட்டை வறுத்து, இடித்து, மண்குடுவையில் காப்பி காய்ச்சி அவர் பக்கத்தில் வைத்துவிட்டாள். ஊர் வழக்கப்படி ஒரே கொட்டையில் மூன்று முறை காய்ச்சி, மூன்று சுற்று குடித்தார்கள்.

புதன்கிழமையும் காற்று இல்லை. வெள்ளிக்கிழமையும் இல்லை. பத்து நாளில் ஸெராய் குடித்த காப்பிதான் அதிகம். ஓட்டிய தூரம் வீட்டு வாசலைத் தாண்டவில்லை.

கடைசியில் டியூபை எடுத்துக்கொண்டு, சைக்கிள் கடை வைத்திருக்கும் ஒக்பாயிடம் போனார். ஒக்பாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல ஓட்டையே இல்லை அண்ணே. காத்து தானாப் போகலை. யாரோ போக வெச்சிருக்காங்க."

மறுநாள் ஸெராய் இரண்டரை மணிக்கே வந்து, சத்தம் காட்டாமல் சாமான் அறையில் ஒளிந்துகொண்டார். சரியாக இரண்டே முக்காலுக்கு அப்ரெஹெத் வந்தாள். குனிந்து பின் சக்கரத்து வால்வைத் திறந்தாள். காற்று முழுவதும் போகும்வரை பொறுமையாக நின்றாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு போய்த் தட்டில் இரண்டு கோப்பைகளை எடுத்து வைத்தாள்.

ஸெராய் கோப்பைகளைக் கவனிக்கவில்லை. அவர் கண்ணில் பட்டது வால்வு மட்டும்தான். இவள் தன்னைப் பந்தயத்துக்கு விடாமல் தடுக்கிறாள், சரி, யாருக்கு மூளை அதிகம் என்று பார்த்துவிடலாம் என்று தீர்மானித்தார்.

பந்தயத்தை விட்டுவிட்டதாக அன்றே சொன்னார். சைக்கிளை ஒக்பாய் வாங்கிக்கொண்டதாகவும், கடையில் வேலை கூடிவிட்டதால் இனி ஆறு மணி ஆகும் என்றும் சொன்னார். அதற்கும் அவள் "சரி" என்றாள். மறுநாளிலிருந்து ஒக்பாய் கடையில் சைக்கிளை எடுத்து, மலையடியில் இருக்கும் நெஃபாசித் ஊர்ச் சாலையில் இறங்கி ஏறினார்.

வெற்றிதான். ஆனால் அந்த வெற்றியைச் சொல்ல ஆளில்லை. வளைவுக்கு வளைவு பனிமூட்டம். கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்த பபூன் குரங்குகளிடம், மனைவியை ஏமாற்றிய கதையைச் சொல்லிப் பார்த்தார். அவை பேன் பார்ப்பதை நிறுத்தவில்லை. ஒருநாள் நல்ல நேரத்தில் ஏறி முடித்து, உச்சியில் நின்று தானே ஒருமுறை கைதட்டினார். பிறகு யாராவது பார்த்துவிட்டார்களா என்று சுற்றிப் பார்த்தார். யாரும் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம் என்று தோன்றியது.

பந்தய ஞாயிறு வந்தது. ஏதோ ஞானஸ்நான விருந்து என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். நெஃபாசித்திலிருந்து மேலே அஸ்மாராவுக்கு முப்பத்தொரு பேர் புறப்பட்டார்கள். பாதி ஏற்றத்தில் ஸெராய் பத்தொன்பதாவது ஆளாக இருந்தார். அவருக்கே நம்ப முடியவில்லை. அப்போதுதான் ஒரு பள்ளத்தில் இறங்கி, பின் சக்கரம் எட்டுப்போல் வளைந்தது.

இந்தத் தடவை குற்றம் சொல்ல யாரும் இல்லை. சாலையோரக் கல்லில் உட்கார்ந்தார். பன்னிரண்டு பேர் அவரைக் கடந்து போனார்கள். ஒருவர் தலையசைத்தார். அதன்பின் சாலையில் காற்று மட்டும்தான்.

கால் மணி நேரம் கழித்து, பின்தங்கியவர்களை அள்ளிக்கொண்டு வரும் சிறு லாரி வந்தது. ஓட்டியது ஒக்பாய். பக்கத்தில் அப்ரெஹெத்.

"விருந்து முடிஞ்சுதா?" என்றாள்.

ஸெராய் ஒக்பாயை முறைத்தார். சைக்கிளைக் கடையில் விட்ட அன்றே ஒக்பாய் தன்னிடம் சொல்லிவிட்டதாக அவளே சொன்னாள்.

"கடைசி வண்டியில வந்தா உங்களைப் பாக்கலாம்னு தெரியும். அதான் ஏறிட்டேன்."

"மாத்துச் சக்கரம் கொண்டாந்திருப்பீங்களே? பந்தயம் முடிய பன்னண்டு வரைக்கும் நேரம் இருக்கு. குடுங்க, போயிடுவேன்."

"மூணு சுற்று முடியட்டும். அப்புறம் சக்கரத்தைப் பத்திப் பேசலாம்."

"இதுல ஏது சுற்று? ஒரே ஏத்தம்தானே?"

அவள் லாரியிலிருந்து கரியடுப்பை இறக்கினாள். பந்தயம் மேலே நடந்துகொண்டிருக்க, நடுமலையில் காப்பிக்கொட்டை வறுபடும் வாசனை எழுந்தது. ஸெராய் மணியைப் பார்த்துக்கொண்டே முதல் கோப்பையைக் குடித்தார்.

"வால்வை எதுக்குத் திறந்து விட்ட?"

"காத்து இல்லேன்னா நீங்க கழட்டி மாட்டிட்டு என் பக்கத்துலயே உக்காந்திருப்பீங்க. தனியா மூணு சுற்று குடிச்சுப் பாருங்க, தெரியும்." குடுவையை மறுபடி அடுப்பில் வைத்தாள். "சைக்கிளைக் கொண்டுபோனப்புறம் ரெண்டு கோப்பையையும் நானேதான் குடிச்சேன். ராத்திரி தூக்கமே போச்சு."

இரண்டாவது கோப்பையின்போது ஸெராய் மணியைப் பார்க்கவில்லை. பபூன்களிடம் பேசியதைச் சொன்னார். உச்சியில் தனியாகக் கைதட்டியதையும் சொன்னார். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று நினைத்துக்கொண்டே மூன்றாவது கோப்பையையும் காலி செய்தார். பிறகு பந்தயம் நினைவுக்கு வந்தது. மணி பதினொன்றே கால். கடைசியாகவாவது போய்ச் சேர்ந்துவிடலாம். எழுந்துபோய் லாரியின் பின்பக்கம் பார்த்தார். கரி மூட்டை இருந்தது. முக்காலி இருந்தது. சோளப்பொரிக் கூடை இருந்தது.

"சக்கரம் எங்கே?"

ஒக்பாய் மலையைப் பார்த்தார்.

"பேசலாம்னுதானே சொன்னேன்," என்றாள் அப்ரெஹெத், கோப்பைகளைக் கழுவிக்கொண்டே. "அடுப்பும் கரியும் ஏத்தினப்புறம் சக்கரத்துக்கு எங்க இடம்? சைக்கிளைத் தூக்கிப் போட்டுட்டு ஏறுங்க."