அக்கா கல்யாணத்தில் டூம் மெட்டல்

இருபது வயதில் ஒருவன் கிதார் வாங்கினால் அவனைக் குறை சொல்ல முடியாது. அவனிடம் மைக்கைக் கொடுத்தவர்களைத்தான் சொல்ல வேண்டும். என் அக்கா கல்யாணத்தில் கொடுத்தவர் அப்பா.

எண்பதுகளின் கடைசி. டூம் மெட்டல் என்றொரு இசை என் தலைக்கேறியிருந்தது. ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் ஒரு தேநீர் குடித்துவிடலாம், அத்தனை நிதானம். அதோடு ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்தால் எங்கள் மலேசியக் கேமரன் மலையே அழும் என்று நம்பினேன். (அழுதது. அதற்குத்தான் வருகிறேன்.) ஆர்க்கெஸ்ட்ரா என்றால், தேவாலயத்தில் வயலின் வாசிக்கும் டேனியலும் அவன் தங்கையும். டிரம்ஸ் கிடைக்காததால் கோயில் மேளம் ஒன்றை இரவல் வாங்கினோம்.

மாப்பிள்ளை வீட்டு லோரி பிரிஞ்சாங் டவுனைத் தாண்டிவிட்டது என்றதும் வரவேற்பு இசையை ஆரம்பித்தோம். கல்யாணம் நடந்த எஸ்டேட் கோயிலின் கூரையில் கட்டிய ஒலிபெருக்கி அதைத் தேயிலைச் சரிவு முழுக்கக் கொண்டுபோனது. டம். நீளமாக ஒரு வயலின் ஓலம். மறுபடி டம்.

எங்கள் எஸ்டேட்டில் மேளம் ஒற்றை அடியாக, விட்டு விட்டுக் கேட்டால் சாவு என்று அர்த்தம். யாரும் விசாரிக்க மாட்டார்கள். கையிலிருப்பதைப் போட்டுவிட்டு வருவார்கள். கீழ் டிவிஷன் ஜனமே திரண்டு வந்தது. முதலில் வந்த பாக்கியம் அத்தை அம்மாவைக் கட்டிக்கொண்டு, "காலையில கூட நல்லாத்தானே இருந்தாரு!" என்று ஒப்பாரியைத் தொடங்கிவிட்டார்.

பக்கத்தில் அப்பா பட்டு வேட்டியோடு நின்றுகொண்டிருந்தார்.

இதுகூடப் பரவாயில்லை. லோரி கீழே வளைவில் நின்றுவிட்டது. சாவு மேளம் கேட்கிற இடத்துக்கு மாப்பிள்ளையை யார் அழைத்துவருவார்கள்? வண்டியைத் திருப்பவே ஆரம்பித்துவிட்டார்கள். முகூர்த்தம் நழுவிக்கொண்டிருந்தது. எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது. (கை மட்டும் கிதாரை விடவில்லை.)

உள்ளே அலங்காரம் செய்துகொண்டிருந்த அக்கா, பாதிப் பூவோடு வந்து மைக்கைப் பிடுங்கினாள்.

"லோரில இருக்கறவங்களுக்குச் சொல்றேன். நான்தான் பொண்ணு. இங்க யாரும் சாகல லா. மேல வாங்க. தாலி கட்டினப்புறம் ஒருத்தன் சாவான், அது என் தம்பி."

லோரி மேலே வந்தது. மாப்பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி இறங்கினார்.

இன்றும் நான் கிதாரைத் தொட்டால் போதும், அத்தான் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்து, அக்காவிடம் தாழ்ந்த குரலில் கேட்பார்: "யாரு போனது?"

"இன்னும் போகல," என்பாள் அக்கா, என்னைப் பார்த்தபடி. "வாசிச்சு முடிக்கட்டும்."