பின்னறையில் பழுத்த சக்கை

சபை நடுவில் எழுந்து நின்று பெரிதாக ஏதாவது சொல்ல வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. சொன்னேன். "மூணு நாளு" என்றேன். இரண்டே சொல். அதற்காக நான் பட்ட வெட்கம் கொஞ்சநஞ்சமல்ல. இதை எழுதும்போதும் காது சுடுகிறது.

கொல்லம் ஆயிரத்து நூற்றொன்பதாம் ஆண்டு, ஆங்கிலக் கணக்கில் 1934, சித்திரை மாதம் அது. வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது. பேச்சிப்பாறைக் கால்வாயில் தண்ணீர் அடைத்து வெகுநாளாயிற்று. மரச்சீனி என்கிற மரவள்ளியின் இலைகள் அப்பளமாக நொறுங்கின. எங்கள் மாங்குழிவிளைச் சபை மிகவும் சிறியது. ஓலைக்கூரைக் கோயில், ஒரு மணி, நாற்பது வீட்டார். போதகர் மாதம் ஒரு தடவைதான் வருவார். மற்ற நாளெல்லாம் உபதேசியார் நேசையன்தான் எங்களை மேய்ப்பவர். நான், ரசலையன், கோயில் காரியம் பார்க்கிற டீக்கன். கோயில் சாவி என் இடுப்பில்தான் தொங்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உபதேசியார் அறிவித்தார். "வார வெள்ளிக்கிழமை காலையிலேருந்து சாயங்காலம் வரை மழைக்காக உபவாச ஜெபம். யாரெல்லாம் இருப்பிய?"

ஐந்தாறு கைகள் தூங்கிக்கொண்டே உயர்ந்தன. அப்போது குமாரதாஸ் வாத்தியார் எழுந்தார். அவருக்கும் எனக்கும் பகை ஒன்றுமில்லை. ஆனால் நான் ஆமென் சொல்லி முடித்த பிறகும் அவருடைய ஆமென் ஓடிக்கொண்டிருக்கும். அதுதான் எனக்குப் பொறுக்காது.

"நான் அன்னைக்குத் தண்ணிகூடக் குடிக்காம இருப்பேன்" என்றார் அவர்.

சபை "ஆ" என்றது. என் கால்கள் என்னைக் கேட்காமலே எழுந்தன.

"நான் மூணு நாளு. வெள்ளி, சனி, ஞாயிறு. வீட்டுக்கே போக மாட்டேன். கோயிலிலேயே இருப்பேன். பச்சைத்தண்ணி மட்டும்."

சபை இரண்டு "ஆ" சொன்னது. பெண்கள் பக்கத்தில் ஒரு தலை மட்டும் வேதப்புத்தகத்துக்கு மேலே மெல்ல எழும்பி என்னைப் பார்த்தது. என் மனைவி பூங்கனி.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்.

"சுளையா மூணு நாளா?"

"சுளையாத்தான்."

"பத்து மணிக் கஞ்சி கொஞ்சம் பிந்தினாலே அடுப்பங்கரையைச் சுத்திச் சுத்தி வாரியளே. மூணு நாளு என்ன செய்வியோ?"

"விசுவாசம் ஏட்டி, விசுவாசம்."

"விசுவாசத்துக்குத் தொட்டுக்க என்ன வேணும்?"

டீக்கன்மார் இதற்கெல்லாம் பதில் சொல்லக் கூடாது. ஆனால் அன்று மத்தியானம் மரச்சீனிக் கிழங்கையும் மீன் குழம்பையும் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று நாள்! எந்தப் பிசாசு என்னை எழுப்பி நிறுத்தியது?

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் யோசித்தேன். புதன்கிழமை வழி கிடைத்தது. வழி மரத்திலே தொங்கியது.

எங்கள் கிணற்றடியில் ஒரு சக்கை மரம் உண்டு. வடக்கே இருப்பவர்கள் பலா என்பார்கள். நல்ல வருக்கைச் சக்கை. சுளை ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம், தேனை வடித்து இறுக்கி வைத்தாற்போல இருக்கும். முற்றிய காய் ஒன்று கைக்கெட்டும் உயரத்தில் தொங்கியது. வெட்டி வைத்தால் இரண்டு நாளில் பழுக்கும். புதன் வெட்டினால் வெள்ளி!

உபவாச ஜெபம் எப்படி நடக்கும் என்பது எனக்குத் தெரியாதா? காலையில் பத்துப் பேர் வருவார்கள். மத்தியானம் வெயில் ஏறியதும் களைப்பாற வீட்டுக்குப் போய்விட்டு நாலு மணிக்குத் திரும்புவார்கள். நடுவில் கோயிலில் நான் மட்டும். நானும் பின்னறையும். பாயும் மெழுகுதிரியும் வைக்கிற அந்த அறைக்கு ஒரே சாவி, என்னுடையது.

பூங்கனி பெண்கள் சங்கத்துக்குப் போன நேரம் பார்த்துக் காயை வெட்டினேன். சாக்கில் கட்டித் தலையில் ஏற்றினேன். வழியில் கேட்டவர்களிடம் "கோயிலுக்குப் பழைய பாய்" என்றேன். பின்னறையில் பாய்களுக்குள் அதைப் படுக்க வைத்துப் போர்த்தி, பூட்டிவிட்டு வந்தேன்.

சாயங்காலம் பூங்கனி மரத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"தாழ நின்ன சக்கையை எங்க?"

"அணில் கொத்திட்டு ஏட்டி. உள்ளே முழுக்க அழுகல். குழி வெட்டிப் புதைச்சிட்டேன்."

"அப்படியா?"

அவ்வளவுதான் கேட்டாள். கேட்டுக்கொண்டே என் மீசையில் ஒட்டியிருந்த எதையோ பார்த்தாள். பிறகு உள்ளே போய் ஒரு தேங்காய்ச் சிரட்டையில் எண்ணெய் கொண்டுவந்து நீட்டினாள்.

"மீசையில பிசின் இருக்கு. எண்ணெய் போட்டாத்தான் போவும்."

"புதைக்கும்போது பட்டிருக்கும்" என்றேன்.

"இருக்கும்" என்றாள்.

மறுநாள் வியாழக்கிழமை முழுதும் அவளை வீட்டில் காணோம். ஜெபத்துக்கு ஆட்களைக் கூப்பிடப் போவதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். நல்லது என்று நினைத்தேன். புருஷன் நேர்ந்துகொண்டால் மனைவிக்கும் பக்தி வரத்தானே செய்யும்?

வெள்ளிக்கிழமை காலையில் மணி அடித்தேன். பத்துப் பேரை எதிர்பார்த்தேன். வந்தது நூறு பேர்! கிறிஸ்துமஸுக்கும் வராதவர்கள் வந்தார்கள். கால் முறிந்து கட்டுப்போட்டிருந்த பனையேறி ஒருவரைக்கூட இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். உபதேசியார் என் காதில், "டீக்கனாரே, உம்ம நேர்ச்சை செய்த வேலையைப் பாத்தீரா?" என்றார். என் நெஞ்சு விரிந்து சட்டைப் பொத்தானை இழுத்தது. குமாரதாஸ் வாத்தியாரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் வாய் உலர்ந்து உட்கார்ந்திருந்தார்.

பத்து மணி ஆயிற்று. கஞ்சி நேரம். வயிறு ஒரு முறை கூப்பிட்டது. "பொறு" என்றேன்.

பன்னிரண்டு ஆயிற்று. இனிப் போவார்கள் என்று பார்த்தேன். ஒருவரும் அசையவில்லை. பெண்கள் ஓலை விசிறியைத் தட்டிக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

"வெயிலு கடுமையா இருக்கே. வீட்டுல போய்க் கொஞ்சம் இளைப்பாறிட்டு வரலாமே" என்றேன், எல்லாருக்கும் கேட்கும்படி, மிகவும் அன்பாக.

சத்தியபாய் அம்மாள் பெண்கள் சங்கத் தலைவி. என்னைச் சிறு வயதில் தூக்கி வளர்த்தவள். "உன்னை ஒத்தையில விட்டுட்டா போவோம் மக்கா?" என்றாள்.

ஒரு மணி வாக்கில் அது தொடங்கியது. முதலில் இலேசாக. பிறகு கதவிடுக்கு வழியாக. பிறகு கோயில் முழுக்க. ஓலைக்கூரை சூடேறச் சூடேற, பூட்டிய அறைக்குள்ளே என் வருக்கைச் சக்கை பழுத்துப் பொங்கியது. உபவாசம் இருந்தது நான். வாசம் வீசியது அது.

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தேன். நூறு மூக்குகள் இருக்கின்றன. ஒரு மூக்காவது சுளிக்க வேண்டுமே? இல்லை. எல்லாரும் கண்ணை மூடி வெகு பக்தியாக இருந்தார்கள். சிலர் ஆழமாக மூச்சிழுத்தார்கள். உபதேசியார் ஜெபத்தை முடிக்கிற மாதிரி இழுப்பார்; முடிக்க மாட்டார். மழைக்காக ஜெபித்தார், கிணறுகளுக்காக, ஆடுமாடுகளுக்காக. களியக்காவிளைச் சந்தைக்குப் போகிற வண்டிமாடுகளுக்காகக்கூட ஜெபித்தார்.

நாலரை மணிக்குக் கடைசி ஆமென் விழுந்தது. நான் விடுதலையானேன் என்று நினைத்தேன். இனி எல்லாரும் போவார்கள்.

பெண்கள் பக்கத்தில் பூங்கனி எழுந்தாள்.

"உபதேசியாரே, ஒரு வார்த்தை சொல்லலாமா? எங்க வீட்டுக்காரரு எல்லாரும் உபவாசம் முடிக்கதுக்குன்னு ஒரு சக்கை கொண்டுவந்து பின்னறையில வச்சிருக்காரு. அவரே சொல்ல வெட்கப்பட்டுட்டு இருக்காரு. வலது கை செய்தது இடது கைக்குத் தெரியக் கூடாதுன்னு நினைக்க ஆளு."

என் வலது கை, இடது கை இரண்டும் இடுப்புச் சாவியைப் பொத்திக்கொண்டன.

"சாவியைக் குடுங்க" என்று என் முன்னால் கையை நீட்டினாள். கொடுத்தேன். வேறென்ன செய்ய?

குமாரதாஸ் வாத்தியாரும் இன்னொருவரும் சக்கையைச் சுமந்து வந்தார்கள். பூங்கனியின் கூடைக்குள்ளிருந்து வெட்டுக்கத்தி வந்தது. தேங்காயெண்ணெய் வந்தது. நூறு வாழையிலைத் துண்டும் வந்தது. இவ்வளவையும் கண்ட பிறகாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். பட்டினியில் வரவில்லை.

அவள் பிளந்தாள். சிவந்த சுளைகள்! ஆளுக்கு ஒன்று. உபதேசியார் நல்ல மனுஷன். ஒரு சுளையை இலையில் வைத்து என்னிடம் நீட்டினார்.

"ஐயோ, குடுக்காதீங்க!" என்றாள் பூங்கனி. "அவருக்கு மூணு நாளுல்லா? நேர்ச்சை!"

சபை முழுதும் என்னைப் பார்த்தது. நான் கண்ணை மூடினேன். மூக்கை மூட முடியவில்லை.

"வேண்டாம்" என்றேன். என் குரல் எனக்கே பரிசுத்தமாகக் கேட்டது.

சத்தியபாய் அம்மாள் இலையை நக்கித் துடைத்துவிட்டு வந்து என் தலையில் கையை வைத்தாள். "நீ நல்லா இருப்ப மக்கா. ரொம்பக் காலத்துக்குப் பிறகு இன்னைக்குத்தான் சக்கை தின்னேன். என் வீட்டு மரம் பட்டுப்போச்சு" என்றாள்.

பசியைத் தாங்கிவிட்டேன். அந்தக் கையைத் தாங்க முடியவில்லை.

சனிக்கிழமை பகல் முழுதும் கோயிலில் தனியாகக் கிடந்தேன். ஓடிப் போய்க் கஞ்சி குடிக்க யார் தடுத்தார்கள்? யாருமில்லை. ஆனால் எழுந்தால் தலையில் அந்தக் கை இருந்தது. நாற்பது வீட்டாருக்கும் தராமல் ஒரு முழுச் சக்கையை ஒற்றை ஆளாகத் தின்ன நினைத்தவன் நான். அதுவும் கோயிலுக்குள் வைத்து. அதுவும் ஜெபத்தின் நடுவே. மழைக்காக ஜெபிக்க முழங்கால் போட்டேன். மழை வாயில் வரவில்லை. "ஆண்டவரே, என் முகத்தைப் பாராதேயும்" என்பதுதான் வந்தது. இத்தனை வருஷத்தில் நான் யாரும் கேட்க வேண்டுமென்று நினைக்காமல் பண்ணிய முதல் ஜெபம் அது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்கால ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரம். எழுந்தேன்.

"சபையாரே, அந்தச் சக்கை உங்களுக்குக் கொண்டுவந்தது இல்ல. எனக்கு. நீங்க எல்லாரும் மத்தியானம் வீட்டுக்குப் போன பிறவு ஒத்தையில இருந்து தின்னலாம்னு ஒளிச்சு வச்சேன். பாயின்னு பொய் சொன்னேன். வீட்டுல அணில்னு பொய் சொன்னேன். நான் டீக்கனா இருக்க லாயக்கில்லாதவன்."

குமாரதாஸ் வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டார். அவர் தோள் குலுங்கியது. எனக்காக அழுகிறார் என்று நினைத்தேன்.

"இரி மக்கா" என்றாள் சத்தியபாய் அம்மாள். "அது எங்களுக்குத் தெரியும்லா."

"என்ன தெரியும்?"

"நீ சாக்கு சுமந்து கோயிலுக்குப் போனதைக் கண்டவங்க அவகிட்ட சொல்லிட்டாங்க. வியாழக்கிழமை பூங்கனி வீடு வீடா வந்து சொன்னாளே. 'நாளைக்குக் கோயில்ல எங்க சக்கை வெட்டுதோம். ஆனா சாயங்காலம் வரை ஒருத்தரும் எழும்பக் கூடாது. எங்க வீட்டுக்காரரை ஒரு நிமிஷம் ஒத்தையில விடக் கூடாது'ன்னு."

கோயில் வெடித்தது. குமாரதாஸ் வாத்தியார் அழவில்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். கால் முறிந்த பனையேறி கட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

நான் கடைசி நம்பிக்கையாக உபதேசியாரைப் பார்த்தேன்.

"எனக்கும் தெரியும் டீக்கனாரே" என்றார் அவர், மெதுவாக. "அதனாலதான் வண்டிமாடு வரைக்கும் ஜெபிக்க வேண்டியதாப் போச்சு."

சாவியைக் கழற்றி அவரிடம் நீட்டினேன். அவர் அதை என் கையிலேயே வைத்து மூடிவிட்டார். "இனி உம்மகிட்ட இருக்கதுதான் பத்திரம்" என்றார்.

வீட்டுக்கு நடக்கும்போது பூங்கனி முன்னால் போனாள். நான் பின்னால், முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு.

"ஏட்டி, ஊருக்கே தெரிஞ்ச காரியம். வெள்ளிக்கிழமையே என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் சனியும் ஞாயிறும் பட்டினி கிடந்திருக்க வேண்டாம்லா?"

"சொல்லியிருந்தா கிடந்திருப்பியளா?"

"மாட்டேன்."

"அதான் சொல்லல. கர்த்தருக்கு நேர்ந்தது சுளையா மூணு நாளு. ஒருத்தராவது முடிச்சு வைக்கண்டாமா?"

வாசலில் உட்கார வைத்து முதலில் கஞ்சித்தெளிவைத் தந்தாள். பிறகு கொஞ்சம் கஞ்சி. இப்படி ஒரு கஞ்சியை நான் ஜென்மத்தில் குடித்ததில்லை. குடித்துவிட்டு வெட்கத்தோடு அவளைப் பார்த்தேன். அவள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதும் ஒரு பொட்டு மேகம் இல்லை.

"மழை இன்னும் வரலைல்லா" என்றாள். "வார வெள்ளிக்கிழமை திரும்பவும் மூணு நாளு உபவாசம். உங்க பேரைக் குடுத்தாச்சு. மரத்துல இனிச் சக்கையும் இல்ல. நிம்மதியா இருக்கலாம்."