உடும்பின் மகளும் நாற்பது நிமிட வகுப்பும்

ஒரு காட்டில், உச்சிப் பாறையில் ஏறி நின்றால் மட்டும் டவர் கிடைக்கிற ஒரு காட்டில், பொன்னுருவி என்றொரு உடும்பு இருந்தாள். எதையாவது பிடித்தால் விடமாட்டாள். ஒருமுறை வந்த தும்மலைப் பிடித்துக்கொண்டு மூன்று நாள் இருந்தாளாம். நான்காம் நாள் விட்டபோது எதிர்க்கரை நாவல் மரம் மொத்தமாக உதிர்ந்து, காட்டில் எல்லோருடைய நாக்கும் ஒரு வாரம் ஊதா நிறத்தில் இருந்தது. இதை நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். இந்தக் கதையில் நம்பும்படியாக இருப்பதே இது ஒன்றுதான்.

பொன்னுருவிக்கு ஒரே மகள். பெயர் தன்ஷிகா. ஆந்தை எண் கணிதம் பார்த்து வைத்த பெயர். என்ன பொருள் என்று கேட்டதற்கு, பொருள் சொன்னால் பலன் போய்விடும் என்று ஆந்தை சொல்லிவிட்டது.

அந்தக் காட்டு ராஜாவான சிங்கத்துக்குத் திடீரென்று காட்டை முன்னேற்ற வேண்டும் என்று தோன்றியது. பக்கத்துக் காட்டில் ஒரு குரங்குப் பெண் ரோபோ செய்து தேங்காய் பறிக்க விட்டிருக்கிறாள் என்று யாரோ காதில் போட்டுவிட்டார்கள். உடனே ஆணை பிறந்தது. மந்திரி நரி அதைப் படித்துக் காட்டினார். எந்திரக் கல்வி பயிலும் பிள்ளைகளை அரசர் உண்ண மாட்டார். அவர்களுக்கு 'உண்ணா விலக்குச் சான்றிதழ்' வழங்கப்படும். விண்ணப்பம் மூன்று பிரதி. இரண்டு கண்ணும் தெரிகிற மாதிரி புகைப்படம். கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பவர்கள் இரண்டு புகைப்படம். ஆடி மாதம் முதல் ஞாயிறு காலை பத்து மணிக்கு எந்திரத்தை ராஜா முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும். ஓட்டாதவர்கள் மதியச் சாப்பாட்டுக்கு இருந்துவிட்டுப் போக வேண்டும்.

சாப்பாடும் போடுகிறார்களே என்று முதலில் எல்லோருக்கும் சந்தோஷம். அப்புறம் கடைசி வரியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்கள். அப்புறம் அவரவர் பிள்ளையை இழுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்கள்.

பொன்னுருவி மகளைப் பார்த்தாள். ஒல்லிப் பிள்ளை, வால் மட்டும்தான் கொஞ்சம் சதைப்பிடிப்பு. இந்த வாலுக்காகவாவது சான்றிதழ் வாங்கியே தீருவது என்று அன்றைக்கே மனதில் ஒரு பிடி போட்டாள்.

அந்த நேரம் பார்த்து உச்சிப் பாறையில் ஒரு விளம்பரம் ஒட்டப்பட்டது. 'அருள்மிகு ரோபோ வகுப்பு. பக்தியோடு பொறியியல். ஆறு வயது முதல் பதினாறு வரை. உச்சிப் பாறையிலிருந்தே இணையவழியில். பெட்டி ஒன்று அனுப்பி வைக்கப்படும். இப்படிக்கு, தவசி வாத்தியார்.'

தவசி வாத்தியார் ஒரு கொக்கு. கொக்கு என்றதும் நீங்கள் ஒரு முடிவுக்கு வந்திருப்பீர்கள். ஒற்றைக்காலில் நிற்கும், கண்ணை மூடும், கடைசியில் எல்லாரையும் விழுங்கும் என்று. இந்தக் கொக்கு அப்படி இல்லை. அதனால்தான் இவ்வளவு தொல்லையும் வந்தது. அதற்கு நிஜமாகவே பக்தி இருந்தது, நிஜமாகவே எந்திரமும் தெரிந்திருந்தது. அணைக்கட்டில் எஞ்சினியர்கள் பேசுவதைப் பதினோரு வருஷம் பக்கத்தில் ஒற்றைக்காலில் நின்று கேட்டுக் கற்ற படிப்பு. கடவுள் நண்டுக்கு எத்தனை மூட்டு வைத்திருக்கிறார் பாருங்கள், அதைப் பார்த்து நாமும் வைப்போம் என்பதுதான் அதன் பாடத்திட்டம்.

முதல் வகுப்பில் ஒரே ஒரு வரிப் பிரார்த்தனை. "படைத்தவனே, பிள்ளைகள் கையில் ஷாக் அடிக்காமல் பார்த்துக்கொள்." அவ்வளவுதான். அடுத்து பாடம் என்று கொக்கு வாயைத் திறப்பதற்குள் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஆமை வீட்டிலிருந்து கேள்வி வந்துவிட்டது. யாரைப் படைத்தவன்? எங்களைப் படைத்தவர் ஓட்டப்பன். அவருக்குத் தனியாக ஒரு வரி உண்டு.

ஒரு வரிதானே என்று வாத்தியார் ஒப்புக்கொண்டார். ஆமைகள் அதைச் சொல்லி முடிக்க ஒன்பது நிமிடம் ஆயிற்று.

ஆமைக்கு உண்டு, எங்களுக்கு இல்லையா என்று வௌவால்கள் வந்தன. தொங்கலாண்டவரைத் தலைகீழாகத் தொங்கித்தான் கும்பிட வேண்டும். போனைத் தலைகீழாகத் திருப்பினால் போதாதா என்று மான் வீட்டில் கேட்டதற்கு ஒரு வாரம் சண்டை நடந்தது. வௌவாலுக்கு எட்டு நிமிடம். கோபித்துக்கொண்ட மான்கள் புல்லாத்தாவுக்கு ஆறு நிமிடம் வாங்கிக்கொண்டன. பாம்புகளின் சாமிக்குப் பெயரே கிடையாது. கண்ணை மூடிப் பத்து நிமிடம் சும்மா இருக்க வேண்டும். முதல் நாள் நெட் போய்விட்டது என்று நினைத்து எல்லோரும் போனை அணைத்து அணைத்துப் போட்டார்கள்.

அத்தனையையும் கூட்டினால் முப்பத்து மூன்று நிமிடம். மிச்சத்தில் ஒரு ஸ்க்ரூவாவது சொல்லிக்கொடுக்கலாம் என்று வாத்தியார் நினைத்திருந்தபோதுதான் பொன்னுருவி வந்தாள். பாறையப்பனுக்கு ஒன்றும் இல்லையா என்றாள். பாறையை இறுகப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் இருந்தால் போதும், அவர் வேறு எதுவும் கேட்கமாட்டார்.

கொக்கு கெஞ்சிப் பார்த்தது. வகுப்பு இலவச இணைப்பில் நடக்கிறது, நாற்பதாவது நிமிடத்தில் தானாக அறுந்துவிடும், எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் பாடத்துக்கு நேரம் கிடைக்கும் என்றது.

"வாத்தியாரே, வேணும்னா எந்திரத்தைக் குறைச்சுக்குங்க. சாமியைக் குறைக்காதீங்க" என்றாள் பொன்னுருவி.

ஆக, முப்பத்தெட்டு நிமிடம் சாமி. அப்புறம் ஒன்றே முக்கால் நிமிடம் வருகைப் பதிவு. அதன்பின் தவசி வாத்தியார் நெஞ்சை நிமிர்த்தி, "இன்று நாம் மோட்டாரை" என்பார். இணைப்பு அறுந்துவிடும். பிள்ளைகள் துள்ளி எழுந்து விளையாட ஓடுவார்கள். ஆறு மாதம் இப்படியே போயிற்று. 'இன்று நாம் மோட்டாரை' என்பது ஆறாவது பிரார்த்தனை என்றே பிள்ளைகள் நினைத்திருந்தார்கள்.

அறுந்து போகாத வீடு ஒன்றே ஒன்றுதான். அது அரண்மனை. சிங்கத்தின் மகளுக்கு மட்டும் கட்டண இணைப்பு. மற்ற முப்பத்தொரு பிள்ளைகளும் திரையிலிருந்து உதிர்ந்த பிறகு அவளும் கொக்குமே மிச்சம் இருப்பார்கள். அதற்கு மேல் அங்கே என்ன நடந்தது என்று வேறு யாருக்கும் தெரியாது.

வாத்தியார் அனுப்பிய பெட்டியும் வந்து சேர்ந்தது. உள்ளே இரண்டு சக்கரம், ஒரு மோட்டார், பேட்டரி, வயர், ஸ்க்ரூ டிரைவர். பொன்னுருவி பெட்டிக்கு மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, மாலை போட்டுப் பூஜை மாடத்தில் ஏற்றினாள். சான்றிதழ் வந்த பிறகுதான் பிரிப்பேன் என்று பாறையப்பனுக்கு வேண்டுதலும் செய்தாள். தன்ஷிகா ஒரே ஒருமுறை, திறந்து பார்க்கட்டுமா என்று கேட்டாள்.

"சாமிகிட்ட வெச்சதைத் திருகுவாங்களாடி?" என்று பொன்னுருவி கேட்டதில் அந்தப் பேச்சு முடிந்தது. மற்ற வீடுகளிலும் இதே கதைதான். மான் வீட்டில் மட்டும் மாலையைத் தின்றுவிட்டு வேறு மாலை போட்டார்கள்.

ஆடி பிறக்க நான்கு நாள் இருக்கும்போது பொன்னுருவி மகளை உட்காரவைத்து, இதுவரை படித்ததை ஒப்பிக்கச் சொன்னாள். தன்ஷிகா ஐந்து சாமியையும் ஒரு பிசகு இல்லாமல் கும்பிட்டாள். கடைசியில் 'இன்று நாம் மோட்டாரை' என்று சொல்லிவிட்டுக் குதித்து ஓடியே போனாள். பெற்ற வயிறு குளிர்ந்தது. அடுத்த நிமிடமே மதியச் சாப்பாடு நினைவுக்கு வந்தது.

நேரே ஏரிக்கரைக்குப் போனாள். கொக்கு அன்றைக்கு இரண்டு காலிலும் நின்றுகொண்டிருந்தது. மனது சரியில்லாவிட்டால் அது அப்படித்தான் நிற்கும்.

"பெட்டிக்குள்ளயே இருந்தா ஓடாதா வாத்தியாரே?"

"ஓடாதும்மா."

"மாலை போட்டிருக்கேன்."

"மாலை போட்டாலும் ஓடாதும்மா."

பிரிக்கலாம் என்றால் வேண்டுதல் தடுத்தது. பிடித்த பிடியை விட்டு அவளுக்குப் பழக்கமில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பெரிய புளியமரத்தடியில் ராஜா உட்கார்ந்திருந்தார். முன்னால் தலைவாழை இலை போட்டுத் தண்ணீரும் தெளித்தாயிற்று. இளவரசி முன்வரிசையில் இருந்தாள். வரிசையில் கடைசியாக நின்றால் தப்பிக்கலாம் என்று எல்லாப் பெற்றோரும் கடைசியில் போய் நின்றதில் வரிசை வட்டமாகிவிட்டது. அதன் தலை எங்கே என்று தேடி நரி மந்திரி மூன்று சுற்றுச் சுற்றினார். தலை சுற்றி யார் மேல் விழுந்தாரோ அவர்தான் முதல் என்று முடிவாயிற்று. விழுந்தது தன்ஷிகா மேல்.

பிள்ளை மாலை போட்ட பெட்டியோடு நடுவில் போய் நின்றது. ராஜா, "ஓட்டு" என்றார்.

தன்ஷிகா அம்மாவைப் பார்த்தாள். அம்மா பாறையப்பனைப் பார்த்தாள். ராஜா இலையைப் பார்த்தார். கொக்கு பிள்ளைகள் பக்கம் திரும்பியது. ஏதாவது சொல்லியாக வேண்டுமே என்று, ஆறு மாதமாக எதைச் சொல்லித் தொடங்குமோ அதையே சொன்னது. "தொடங்கலாமா பிள்ளைகளே?"

முப்பத்திரண்டு பிள்ளைகளும் கண்ணை மூடினார்கள். ஓட்டப்பன் தொடங்கிவிட்டார்.

பிரார்த்தனை நடக்கும்போது யாரும் வாயில் எதையும் வைக்கக் கூடாது என்பது ராஜாவே போட்ட சட்டம். ஒன்பது நிமிடம் எச்சில் விழுங்கிக்கொண்டு இருந்தார். தொங்கலாண்டவர் முறை வந்தபோது சபை மொத்தமும் தொங்கியது, ராஜா மட்டும் தொங்காமல் இருந்தால் நன்றாக இருக்காதே என்று அவரும் புளியங்கிளையில் தலைகீழாகத் தொங்கினார். கிரீடம் கழன்று இலை நடுவில் விழுந்தது. புல்லாத்தா வந்தாள். பாறையப்பனுக்குப் பாறை போதாமல் பாதிப் பேர் நரியைப் பிடித்துக்கொண்டார்கள். கடைசியில் பாம்புகளின் சாமி. பத்து நிமிட மௌனத்தில், பசியும் தொங்கிய அசதியும் சேர்ந்து ராஜா தூங்கியே போனார்.

கொக்கு மெல்லிய குரலில் வருகைப் பதிவு எடுத்தது. எடுத்து முடித்துப் பழக்க தோஷத்தில் நெஞ்சை நிமிர்த்தி, "இன்று நாம் மோட்டாரை" என்றது.

முப்பத்தொரு பிள்ளைகள் துள்ளி எழுந்து ஓடினார்கள். பிள்ளைகள் பின்னால் பெற்றோர், பெற்றோர் பின்னால் விண்ணப்பக் கட்டைக் கீழே போட்டுவிட்டு நரியும். ராஜா கண் விழித்துப் பார்க்கும்போது புழுதிதான் இருந்தது. முன்னால் கொக்கு, இளவரசி, இலையில் கிரீடம்.

தன்ஷிகாவும் ஓடிவிட்டாள். பொன்னுருவி ஓடவில்லை. சான்றிதழ் வாங்காமல் எப்படிப் போவது? விண்ணப்பக் கட்டைப் பொறுக்கிக்கொண்டு புளியமர அடியிலேயே நின்றாள்.

இளவரசிக்கும் ஓடத் தோன்றவில்லை. அவளுக்கு வகுப்பு தொடங்குவதே இந்த இடத்தில்தான். "சொல்லுங்க சார்" என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

தவசி வாத்தியாருக்கு முன்னால் பரந்த மைதானம், அறுந்துபோக எதுவும் இல்லை. மோட்டாரில் தொடங்கினார். மதியச் சாப்பாட்டுக்கு வேறு இடம் பார்க்கலாம் என்று ராஜா நைசாக எழுந்தார். எழுந்தவரால் நகர முடியவில்லை. திரும்பிப் பார்த்தால், முன்னங்கால்களால் புளியமரத்தின் வேரையும் வாயால் அவர் வாலையும் பிடித்துக்கொண்டு பொன்னுருவி.

"விடு" என்றார் ராஜா.

வாலைக் கடைவாய்க்குத் தள்ளிவிட்டுப் பொன்னுருவி சொன்னாள். "ஒரு கையெழுத்து ராசா. மூணு பிரதி."

மிரட்டிப் பார்த்தார், கர்ஜித்துப் பார்த்தார். கர்ஜித்தால் சார் சொல்வது கேட்கவில்லை என்று இளவரசி அதட்டினாள். ஒரு மணி நேரம் மோட்டார். ஒரு மணி நேரம் எந்த நிற வயர் எதோடு சேரும் என்பது. பாடம் முடிகிற மாதிரி வரும், இளவரசிக்கு ஒரு சந்தேகம் வந்துவிடும். ராஜாவுக்குக் கண் இருட்டியது.

"நாற்பது நிமிஷத்தில் அறுந்துவிடும் என்றார்களே, பாப்பா?"

"அது அவங்களுக்குப்பா. நம்மது கட்டண இணைப்பு. அறாது."

நான்காவது மணி நேரத்தில் பற்சக்கரம் வந்தது. எத்தனை பல் என்று ராஜாவையே எண்ணிச் சொல்லும்படி வாத்தியார் அன்போடு கேட்டுக்கொண்டார். ராஜா தொண்ணூற்று மூன்று கையெழுத்துப் போட்டார். தன்ஷிகாவுக்கு மட்டுமல்ல, முப்பத்தொரு பிள்ளைகளுக்கும் மூன்று பிரதி. இனிமேல் யாரும் தன் முன்னால் எதையும் ஓட்டிக் காட்டக் கூடாது என்று பின்பக்கத்தில் எழுதியும் கொடுத்தார். அதன் பிறகுதான் வால் விடுபட்டது. இன்றைக்கும் அது மற்ற சிங்கங்களின் வாலைவிட ஒரு முழம் நீளம், வேண்டுமானால் அளந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

பொன்னுருவி வீட்டுக்கு வந்து வேண்டுதல்படி பெட்டியைப் பிரித்தாள். தினம் தெளித்த மஞ்சள் தண்ணீரில் ஊறி மோட்டார் துருப்பிடித்துக் கிடந்தது. ஸ்க்ரூ டிரைவர் நன்றாக இருந்தது. சான்றிதழுக்குச் சட்டம் போட்டு, அந்த ஸ்க்ரூ டிரைவரைக் கொண்டே சுவரில் மாட்டினாள். மாட்டும்போதுதான் அடியில் எறும்பு எழுத்தில் இருந்த வரி கண்ணில் பட்டது. 'இச்சான்றிதழ் மேற்படி பிள்ளை தன் படிப்பை முடிக்கும் நாள்வரை மட்டுமே செல்லும்.'

மூன்று முறை படித்தாள். போனை எடுத்துக்கொண்டு உச்சிப் பாறைக்கு ஓடினாள். எறும்புகளின் சாமியை நாம் இத்தனை நாள் மறந்தே போனோமே, பாவம் இல்லையா என்று குழுவில் ஒரு செய்தி போட்டாள். எறும்புகள் ஒவ்வொருவராக வந்துதான் கும்பிடுவார்கள். குழுவில் எல்லோரும் கை கூப்பினார்கள்.

இப்போது அந்த வகுப்பில் வருகைப் பதிவுக்கே நேரம் வருவதில்லை. தன்ஷிகாவுக்குக் கல்யாணமாகி ஒரு மகள் இருக்கிறாள். இருவரும் ஒரே வகுப்பு, ஒரே பாடம். வயது வரம்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சதைப்பிடிப்பான வாலோடு சௌக்கியமாக இருக்கிறார்கள்.

படிப்பை முடித்தது இளவரசி ஒருத்திதான். காட்டில் எந்த வீட்டு ஃபேன் நின்றாலும், எந்தக் குகையில் தண்ணீர் மோட்டார் இழுக்காவிட்டாலும் அவளைத்தான் கூப்பிடுகிறார்கள். வேட்டைக்குப் போக நேரமில்லை. வேலை பார்க்கிற இடத்திலேயே மான்கள் கொடுக்கிற புல்லைத் தின்று, ஆளே பாதியாகிவிட்டாள்.

நீதி: பிள்ளைகளை நல்ல வகுப்பாகப் பார்த்துச் சேர்த்துவிடுங்கள், சாமி கும்பிடச் சொல்லுங்கள், படிப்பை மட்டும் முடிக்க விடாதீர்கள், முடித்த பிள்ளையைச் சிங்கம் தின்னாவிட்டாலும் வேலை தின்றுவிடும்.