உன் அம்மாவின் பானத்தை நான் கலந்த விவரம்

வெள்ளத்துக்கு எல்லை வகுத்தவரும், ஆற்றுக்கும் ஏரிக்கும் நடுவே கிண்ணம்போல் குழிந்து கிடக்கும் இந்த நியூ ஆர்லியன்ஸ் நகரை இன்றளவும் மூழ்காமல் தாங்கி வருபவரும், தனித்திருப்போரின் வாசலைத் தட்டாமலே உள்ளே வந்து அமர்பவருமாகிய எல்லாம் வல்ல இறைவனுக்கே முதற்கண் புகழ் உண்டாகுக.

அன்பும் அறிவும் ஒருங்கே வாய்த்த அருமை மகள் செலஸ்தீனுக்கு, உன் தந்தை தியோஃபில் ஆசி கூறி எழுதுவது. இங்கு நான் நலம். நீயும் மாப்பிள்ளை எரிக்கும் குழந்தைகளும் மினியாபொலிஸ் பனியில் நலமாக இருக்க நாள்தோறும் செபமாலை சொல்லி வருகிறேன்.

நிற்க. சென்ற ஞாயிறன்று தொலைபேசியில் நீ கூறியது என் காதில் இன்னும் நிற்கிறது. "அப்பா, தனியா முடியலன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் வந்து வீட்டை வித்துட்டு உங்களைக் கூட்டிட்டு வந்துடறேன். முடியும்னா அதையும் எழுதி அனுப்புங்க, அப்புறம் கேக்கவே மாட்டேன். ஃபோன்ல கேட்டா நீங்க மழையப் பத்திப் பேச ஆரம்பிச்சுடறீங்க" என்றாய். நியாயமான கோரிக்கை. ஆகவே எழுத்து மூலம் அறிவிக்கிறேன்: முடியும். இலத்தீன் ஆசிரியனாக வாழ்நாளெல்லாம் மாணவரிடம் சான்று கேட்டவன், சான்றின்றி எதையும் சொல்ல மாட்டேன். சான்றாவது, நேற்றுப் புனிதர் அனைவர் திருநாளன்று, உன் அம்மாவின் வூ கரே என்னும் மதுக்கலவையை நானே என் கையால் கலந்தேன்.

நீ அறிவாய், ஆண்டுதோறும் இந்நாளில் நம் குடும்பக் கல்லறைக்கு வெள்ளையடித்து, சாமந்தி வைத்து, வீடு திரும்பியதும் உன் அம்மா ஒதில் அதைக் கலப்பாள். நான் நாற்காலியில் அமர்ந்து திருப்பாடல் வாசிப்பேன். அவள் கிண்ணத்தை நீட்டுவாள். நான் குடித்ததுண்டே தவிர ஒருநாளும் கலந்ததில்லை. அவள் இல்லாத முதல் திருநாள் இது. அவளே இப்போது அந்தக் கல்லறைக்குள் இருக்கையில், வெள்ளையடித்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவது மரியாதை அன்று என்று தோன்றிற்று. அதற்குமுன் நீ அறியாத ஒரு செய்தி. அந்தப் பானத்தில் சேரும் துறவியர் மூலிகை மதுவின் புட்டியில், "மிக நல்லவரும் மிகப் பெரியவருமான இறைவனுக்கு" என்று இலத்தீனில் மூன்று எழுத்து பொறித்திருக்கும். இறைவன் பெயர் தாங்கிய புட்டியைக் குப்பையில் எறிவது தகாது என்று, காலியான ஒன்றில் உன் அம்மா கோவிலில் பாஸ்காவுக்கு மந்திரித்த தீர்த்தத்தை நிரப்பிச் செப மாடத்தில் வைத்திருந்தாள். மது உள்ள புட்டி சமையலறை அலமாரியில் இருந்தது. இரண்டும் கரும்பழுப்பு, இரண்டும் ஒரே உருவம். அவளை அடக்கம் செய்த வாரத்தில் இரண்டையும் இறக்கித் தூசி துடைத்து, மறுபடி ஏற்றி வைத்தவன் நான்.

திருநாள் காலையில், பொழுது விடியுமுன், மாடத்துப் புட்டியை எடுத்து, ரோஸ்மேரிக் கொத்தால் வீடு முழுவதும் தீர்த்தம் தெளித்தேன். கட்டிலுக்கு, நாற்காலிகளுக்கு, உன் திருமணப் படத்துக்கு, என் நெற்றிக்கு, முன் தாழ்வாரத்துக்கு. நம் இரட்டை வீட்டின் மறுபாதியில் குடியிருக்கும் மிஸ் எர்லீன் பாப்டிஸ்ட் சபையினர் ஆயினும் அருள் எல்லோருக்கும் பொதுவென்று அவர் கதவுக்கும் இரண்டு வீச்சு. மூக்குக் கண்ணாடி அணியவில்லை. மோப்பமோ முன்பு எனக்கு வந்த அந்தத் தொற்றுக் காய்ச்சலோடு போனது போனதுதான். கல்லறையில் செபம் சொல்லத் தொப்பியைக் கழற்றியபோது அது நெற்றியை விட்டு வர மறுத்தது, பிய்த்து எடுத்தேன். வியர்வை என்று எண்ணிக்கொண்டேன். நவம்பரில் அவ்வளவு வியர்ப்பானேன் என்று ஒரு கணம் யோசித்திருக்கலாம், யோசிக்கவில்லை.

வீடு திரும்பிக் கலக்கத் தொடங்கினேன். உன் அம்மாவின் அளவு, அவித்த முட்டையை நிறுத்தி வைக்கும் அந்த நீலக்கரை போட்ட சிறு முட்டைக் கிண்ணம். ரை விஸ்கி ஒன்று, கோன்யாக் ஒன்று, இனிப்பு வெர்முத் ஒன்று. மூன்றும் திரித்துவம்போல் சமம். ஒன்று பெரிது, மற்றது சிறிது என்பதில்லை. மூலிகை மது மட்டும் ஒரு தேக்கரண்டி என்பாள். ஆனால் இறைவனுக்கென்று எழுதியிருப்பதைத் தேக்கரண்டியால் அளப்பது எனக்குக் கஞ்சத்தனமாகப் பட்டது. முழுக் கிண்ணம் ஊற்றினேன். கசப்புச் சாறு இருவகையும் சொட்டினேன். இனிப் பனிக்கட்டி. உறைபெட்டியைத் திறந்தால், தட்டு நிறைய உன் அம்மா கம்போக் குழம்புக்காக இறால் ஓடு வேகவைத்து உறையப்போட்ட சாறு. போன தவக்காலத்தில் செய்தது. மேலே அவள் கையெழுத்தில் ஒரு காகிதம். அதைப் பெயர்த்து வெளியே வைக்க மனம் வரவில்லை, ஏனென்று கேட்காதே. கதவை மூடிவிட்டு மிஸ் எர்லீன் வீட்டுக்குப் போனேன்.

"ஐஸா? எங்க இடிச்சுக்கிட்டீங்க, மிஸ்டர் தியோ?"

"எங்கும் இடித்துக்கொள்ளவில்லை. ஒதிலின் பானம் கலக்கிறேன்."

"நீங்களா? போன வாரம் காப்பி போடறேன்னு பாத்திரத்தைக் கருக்கினது வேற தியோவா?"

பதில் சொல்லுமுன் அவர் என்னைத் தாண்டித் தன் வாசற்கதவைப் பார்த்தார். "அடக் கடவுளே! கண்ணு, இங்க வந்து பாருங்க. மார்டி கிராவுக்குக்கூட இந்தத் தெருவுல இவ்ளோ பெரிய ஊர்வலம் வந்ததில்ல."

எறும்புகள். அவர் கதவில் தொடங்கித் தாழ்வாரம் கடந்து, நம் வாசல் நுழைந்து, உன் திருமணப் படத்தில் மாப்பிள்ளையின் முகத்தை மூடிவிட்டுச் செப மாடம்வரை ஒரே வரிசை, ஒரே பக்தி.

"காலையில என் கதவுல எதைத் தெளிச்சீங்க?"

"தீர்த்தம்."

"உங்க தீர்த்தத்துல சர்க்கரை உண்டா? நான் பாப்டிஸ்ட், எனக்குத் தெரியாது. அதான் கேக்கறேன்."

கதவுச் சட்டத்தை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். அவர் முகம் மாறியது. "இது தண்ணி இல்ல, கண்ணு. இது ஒதில் கிறிஸ்துமஸுக்கு ஊத்தித் தர்ற மூலிகை மது. எனக்கு எப்படித் தெரியும்னு மட்டும் கேக்காதீங்க, எங்க பாஸ்டர் காதுல விழுந்துடும்."

அப்போதுதான் எல்லாம் விளங்கிற்று. கானாவூர்த் திருமணத்தில் ஆண்டவர் நீரைத் திராட்சை இரசமாக்கினார். உன் தந்தையோ இரசத்தை எறும்புக்குப் படைத்துவிட்டு நீரைக் கிண்ணத்தில் ஊற்றியிருக்கிறான். அத்தோடு தொல்லை ஒழியவில்லை. மந்திரித்த தீர்த்தம் கலந்த பானத்தைத் தொட்டியில் கொட்டலாமா? பங்குக் குரு ஃபாதர் துவானுக்குத் தொலைபேசினேன். அவர் வியட்நாமியர், என்னைவிட வயதில் மிக இளையவர், திருநாள் களைப்பில் இருந்தார்.

"ஃபாதர், தீர்த்தம் கலந்த விஸ்கியை எங்கே ஊற்றுவது?"

"ஐயா, இதுவரைக்கும் எவ்வளவு குடிச்சிருக்கீங்க?"

"ஒரு சொட்டும் இல்லை." நடந்ததைச் சொன்னேன். தொலைபேசியைக் கையால் மூடிக்கொண்டு அவர் சிரித்தது நன்றாகவே கேட்டது.

"சாக்கடையில மட்டும் ஊத்தாதீங்க. மண்ணுல ஊத்தலாம். இல்லன்னா சிலுவை போட்டுக்கிட்டு பக்தியா குடிச்சிடுங்க. ஆமா, கூட யாரு இருக்காங்க?"

"வானம் இன்று மிகத் தெளிவாக இருக்கிறது, ஃபாதர்" என்றேன்.

மிஸ் எர்லீன் கொண்டுவந்து கொடுத்த பனிக்கட்டியைப் போட்டுக் கலக்கி ஊற்றினால், குடிக்கும் கிண்ணம் இரண்டு நிறைந்தது. ஒன்றை அவரிடம் நீட்டினேன். அவர் ஒதிலின் நாற்காலியைப் பார்த்தார், கிண்ணத்தைப் பார்த்தார், தலையை ஆட்டினார். "வேணாம் கண்ணு. இன்னிக்கு அது அவ இடம். நான் உக்காந்தா நல்லா இருக்காது. எறும்புக்கு வினிகர் அனுப்பறேன், துடைச்சுடுங்க." போய்விட்டார். சற்று நேரத்தில் நடுச்சுவருக்கு அப்பால் அவர் தொலைக்காட்சியில் யாரோ சிரிப்பது கேட்டது. நான் சிலுவை வரைந்துகொண்டு என் கிண்ணத்தைக் குடித்தேன். சுவை, மழையில் நனைந்த விஸ்கி. திருப்பாடல் வாசித்தேன். வழக்கமாக ஓரிடத்தில் உன் அம்மா, "போதும், காது வலிக்குது" என்பாள். அந்த இடத்தில் சற்று நிறுத்தினேன். யாரும் எதுவும் சொல்லவில்லை என்பதால் இறுதிவரை வாசிக்க வேண்டியதாயிற்று. எதிரே அவள் நாற்காலி முன் வைத்திருந்த கிண்ணத்தில் பனிக்கட்டி கரைந்து முடிந்ததும் அதை எடுத்துப்போய், கொல்லையில் அவள் நட்ட இனிப்பு ஆலிவ் மரத்தடியில் ஊற்றினேன். அது பூத்திருக்கிறது. தெரு முழுக்க மணப்பதாகச் சொல்கிறார்கள்.

இதனால் நீ அறிய வேண்டியது: பானம் கலக்கப்பட்டது, குருவின் அறிவுரைப்படி அருந்தப்பட்டது, வீடு எரியவில்லை, எறும்புகளும் பெரும்பாலும் வெளியேறிவிட்டன. ஆகவே என்னால் தனியாக வாழ முடியும் என்பது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது. நீ பயணச் செலவு செய்து வர வேண்டியதில்லை.

எறும்புக்கும் இரை அளக்கும் இறைவன் உன் இல்லத்தின் நிலைப்படியையும் அடுப்பையும் காப்பாராக. உன் மேசையைச் சுற்றி எந்நாளும் ஆள் குறையாதிருக்கச் செய்வாராக. இக்கடிதத்தை நீ உரக்க வாசிக்கக் கேட்பவர் எல்லோரையும் அவர் கரம் தாங்குவதாக.

இங்ஙனம்,
உன் அன்புத் தந்தை,
தியோஃபில் பிரெயோ

பி.கு.: அந்த முட்டைக் கிண்ணத்தால் அளந்தால் எப்படிக் கலந்தாலும் இருவருக்குத்தான் வருகிறது. பாதியாக்கத் தெரியாமல் இல்லை, கை வரவில்லை. மாடத்துப் புட்டியில் எறும்புக்குப் போக ஒரு தேக்கரண்டி மூலிகை மது மீந்திருக்கிறது. உன் அம்மாவின் அளவுக்கு அது சரியாக இருக்கும். கிறிஸ்துமஸுக்கு முந்திய திருவருகைக் காலம் தொடங்கிவிட்டால் நான் மது தொடமாட்டேன் என்பது உனக்குத் தெரியும். அதற்குள் வா. நீ வந்தால் அந்த இறால் சாற்றையும் உருக்கிவிடலாம். வரும்போது என் துணிமணி கொள்ளும் அளவுக்கு வெறும் பெட்டி ஒன்று எடுத்து வந்தாலும் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.