கூண்டுக்குள் ஒரு மரியாதைத் திட்டம்

மனிதகுலம் சக்கரத்தைக் கண்டுபிடித்ததற்கு அடுத்தபடியாகச் செய்த மகத்தான காரியம், இரண்டு பேரை ஒரு கம்பிக் கூண்டுக்குள் விட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டதுதான். அந்தத் தாழ்ப்பாளுக்குப் பொறுப்பாளராக இருக்கும் பாக்கியம் எனக்கு வாய்த்தது.

என் முழுப் பதவி 'வீரர் நலன் மற்றும் வாயில் ஒருங்கிணைப்பு அலுவலர்'. அதாவது, கூண்டுச் சண்டை நடத்தி ஒளிபரப்பும் எங்கள் கம்பெனியில் மோதுகிறவர்களுக்கு நல்லது கெட்டது எடுத்துச் சொல்வேன். சண்டை நடக்கும்போது கூண்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். இரண்டாவது வேலைக்குத்தான் சீருடை தந்திருந்தார்கள்.

என் அக்கா மகன் கல்லூரியில் மல்யுத்த வீரன். பயிற்சி மெத்தையில் உரசி உரசி அவன் காது இரண்டும் பிசைந்துவைத்த மாவு மாதிரி ஆகியிருந்தன. பதக்கங்கள் அலமாரிக்கு ஒரு பக்கம் கனம் கொடுத்து அதைச் சாய்த்துவிட்டிருந்தன. ஆனால் பட்டம் வாங்கிய மறுநாள் மல்யுத்த வீரனுக்கு இந்த உலகத்தில் வேலை கிடையாது. நான்தான் கைதூக்கிவிட்டேன்.

"அடி வாங்கறதெல்லாம் ஒரு வேலையாடா?" என்றாள் அக்கா.

"வாங்கறது மட்டும் இல்லக்கா. கொடுக்கறதும் உண்டு."

"யாருக்காவது ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா?"

"கதவுகிட்ட நானே நிக்கறேன்க்கா. ஏதாவதுன்னா உடனே திறந்துருவேன். டாக்டர் என் முதுகுக்குப் பின்னாடியே நிப்பாரு."

"உன்னை நம்பித்தான் அனுப்பறேன்" என்றாள் அக்கா. மாப்பிள்ளை, அதாவது அவள் மகன், சட்டைப் பொத்தானைப் போட்டபடி சிரித்தான். எனக்கே கொஞ்சம் நெஞ்சு நிமிர்ந்தது.

கம்பெனி அவனுக்கு 'மரண அடி' என்று பெயர் சூட்டியது. முதல் சண்டையில் மரண அடி எதிராளியை இடுப்போடு அள்ளிச் சாய்த்து, தோள்கள் இரண்டையும் தரையில் அழுத்தி, விசிலுக்காகக் காத்திருந்தான். மல்யுத்தத்தில் அதோடு ஆட்டம் முடிந்துவிடும். இங்கே விசில் என்கிற பொருளே கிடையாது.

"சார், ரெண்டு தோளும் பட்டுருச்சு" என்றான் நடுவரிடம்.

"பட்டா என்ன?" என்றார் நடுவர்.

பழக்கதோஷம். எழுந்து, கீழே கிடந்தவருக்குக் கைகொடுத்தான். அவர் அந்தக் கையைப் பிடித்து எழுந்தார். இன்னொரு கையால் தாடையில் ஒன்று வைத்தார். மரண அடி மல்லாந்து விழுந்தான்.

மறுநாள் அவசரக் கூட்டம். அவனை அனுப்பிவிடப் போகிறார்கள் என்றுதான் நினைத்தேன். ஆனால் கம்பெனி இயக்குநர் கண்கலங்கி உட்கார்ந்திருந்தார். அவன் கைகொடுத்த காட்சியை இரவோடு இரவாக ஊரே பார்த்துவிட்டதாம். ஜெயித்தவரை நாய்கூடச் சீண்டவில்லையாம்.

"இதுதான் இனிமே நம்ம சரக்கு. மரியாதை" என்றார் இயக்குநர்.

அன்றே 'மரியாதைப் பிரிவு' தொடங்கப்பட்டது. அவன் பெயர் 'மரண அடி'யிலிருந்து 'மரியாதை' ஆயிற்று. சுவரொட்டியில் முதல் எழுத்தைக் காப்பாற்ற முடிந்ததைக் கணக்கர் பெருமையாகச் சொன்னார். மரியாதை பனியன், மரியாதைத் தண்ணீர் பாட்டில் எல்லாம் வந்தன. பண்பாடு இவ்வளவு வேகமாக வளர்ந்து நான் பார்த்ததில்லை.

கைகொடுப்பதற்கு ஒத்திகைகள் நடந்தன. வலது கையுறையில் விளம்பரம் இருந்ததால் வலது கை. முகத்தில் கருணை. கேமராவை மறைக்காத கருணை.

"விழுறவன் சுமாரா விழுறான். இன்னும் நல்லா விழணும். அப்பத்தான் தூக்கறதுல ஒரு உருக்கம் இருக்கும்" என்றார் இயக்குநர்.

"விழுந்ததும் தூக்கிடறேனே சார்" என்றான் மாப்பிள்ளை.

"விழுந்ததும் தூக்கினா அது வெறும் உதவி தம்பி. நாலு குத்து விட்டுட்டுத் தூக்கினாத்தான் மரியாதை."

எவ்வளவு நுட்பமான வேறுபாடு. நான் வீரர் நலன் அலுவலர் என்ற முறையில் கைதட்டினேன். மாப்பிள்ளை மட்டும் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டாவது சண்டையில் எதிராளி ஒரு புதுமுகம். அவனும் கல்லூரி மல்யுத்தம் முடித்து நேரே வந்தவன்தான். கூண்டுக்குள் வரும்போது நடுவருக்கு வணக்கம் சொன்னான், பாவம். மாப்பிள்ளை பிடித்துத் தூக்கிப் போட்டதில் தலை தரையில் மோதியது. அப்படியே கிடந்தான்.

மாப்பிள்ளை ஒரு குத்தும் விடவில்லை. குனிந்து கையை நீட்டினான். கீழே கிடந்த கை மேலே வரவில்லை.

"மாமா, கதவைத் திறங்க. டாக்டரை விடுங்க."

டாக்டர் சொன்னபடி என் முதுகுக்குப் பின்னால் பையோடு நின்றார். நானும் சொன்னபடி கதவருகே நின்றேன். அப்போது என் காதுக்கருவியில் இயக்குநரின் குரல் வந்தது. "திறக்காதே. கீழ இருக்கறவன் கை இன்னும் ஃப்ரேமுக்குள்ள வரல. ஆங்கிள் சரியா வரட்டும்." நடுவருக்கும் இதே குரல் கேட்டிருக்க வேண்டும். சண்டையை நிறுத்தாமல் தன் பெல்ட்டைச் சரிசெய்ய ஆரம்பித்தார்.

"மாமா, அவன் கண்ணு சொருகுது. திறங்க."

"கொஞ்சம் பொறு மாப்பிள்ளை. ஆங்கிள் சரியா வரட்டும்" என்றேன். கடமை தவறாமல் தாழ்ப்பாளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

மாப்பிள்ளை கம்பியில் கால்வைத்து ஏறி வெளியே குதித்தான். தாய்மாமன் என்றும் பாராமல் என்னைப் பிடித்துத் தள்ளினான். கதவைத் திறந்து டாக்டரை உள்ளே விட்டான். டாக்டர் முட்டிபோட்டு உட்கார்ந்த இடம் கேமராவுக்கு நேர் குறுக்கே.

விதி தெளிவானது. சண்டை முடியும் முன் கூண்டைவிட்டு வெளியேறியவர் தோற்றவர். எனவே மூச்சுப்பேச்சில்லாமல் கிடந்தவர் வெற்றி பெற்றதாக அறிவிக்கப்பட்டது. ஆஸ்பத்திரியில் கண்விழித்ததும் அவன், "நான் எப்படித் தோத்தேன்?" என்று கேட்டானாம். ஜெயித்தது அவன்தான் என்று விளக்கிச் சொல்வதற்குள் டாக்டருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கேள்வி கேட்கவே ஆள் இருந்திருக்க மாட்டான் என்று அவர் சொன்னது எங்கள் அறிக்கைக்குத் தேவைப்படவில்லை.

மாப்பிள்ளையின் ஒப்பந்தம் ரத்தாயிற்று. காரணம்: 'மரியாதைக் குறைவு'.

அவன் கல்லூரி மெத்தைக்கே திரும்பிப் போய்ப் பயிற்சி கொடுக்கிறான். விசில் ஊதினால் விட்டுவிடுகிற உலகம் அது. முன்னேற்றம் இருக்காது.

எனக்கோ, நெருக்கடியிலும் கதவைக் கைவிடாததற்காகக் கம்பெனி ஒரு கேடயம் தந்தது. நல்ல கனம். குடும்பத்தில் ஒருவராவது தொழிலில் நிலைத்துவிட்டதை அக்காவிடம் காட்டவேண்டும் என்று அதை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வழியில் பிடித்த மழை, அவள் வீட்டு வாசலுக்கு வரும்போது கொட்டித் தீர்த்தது.

கதவைத் தட்டினேன். ஜன்னல் வழியாக அக்கா என்னைப் பார்த்தாள். கேடயத்தையும் பார்த்தாள். காலடிச் சத்தம் கதவுக்குப் பின்னால் வந்து நின்றது. தாழ்ப்பாளில் அவள் கைவைத்த சத்தமும் கேட்டது. திறக்கவில்லை.

"அக்கா, திறக்கா. தொப்பலா நனையறேன்."

"கொஞ்சம் பொறு தம்பி" என்றாள் அக்கா உள்ளேயிருந்து. "ஆங்கிள் சரியா வரட்டும்."